பூட்டிய அலுமாரிக்குள் மூச்சுவிட்டவர்கள்

வாசகப் பெருமக்களே, சற்றே நிமிர்ந்து உட்காருங்கள். நான் சொல்லப்போகும் வரலாற்றுக்கு நீங்களே சாட்சி. வேறு சாட்சிகள் பலர் இருந்தும் அவர்களுள் பாதிப்பேர் வாய் திறக்கமாட்டார்கள், மீதிப்பேர் சிரித்துச் சிரித்தே சாட்சியத்தைக் கெடுத்துவிடுவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்துக்காகக் கடல் கடந்து வந்து சண்டையிட்டவர்கள் பலர். பறங்கியர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தனர், ஆங்கிலேயர் வந்து, எழுந்திருக்க மனமின்றி நெடுங்காலம் அமர்ந்தனர். ஆனால் அந்தத் துறைமுகத்தைச் சுற்றிக் கிடக்கும் சேற்றுக்காகச் சண்டையிட்டவர், உலக வரலாற்றிலேயே ஒரே ஒருவர்தான். அவர் சேத்துத் துரை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த கந்தோரைத் தவிர வேறெவரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று, விவசாயக் கந்தோரில் மண் பரிசோதனைப் பிரிவுக்கு அதிகாரியாக வந்தவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர ஒரு மேசையும் ஒரு தராசும் இருந்தன. மூவரும் ஒற்றுமையாகப் பணியாற்றி வந்தனர். நாள்தோறும் கத்திமுனை போல இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டையுடன் புறப்படுவார். மாலையில் முழங்கால்வரை சேற்றைக் காலுறையாக அணிந்து திரும்புவார். அடக்கம் என்ற நற்பண்பை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "மண்ணைப் பற்றித் தெரிஞ்ச ஆள் இந்த மாகாணத்தில நான் ஒருத்தன்தான்" என்று, யாரும் கேட்காத வேளைகளில் எல்லாம் அறிவிப்பார்.

பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற ஆண்டுகள் அவை. நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் இலிகிதன். மாலையில் மேடைப் பேச்சாளன். நான் பேசும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பது வீண்செலவு என்று எதிரணியினரே தீர்மானம் நிறைவேற்றிய காலம். உட்துறைமுகத்தை அண்டிய ஒழுங்கை ஒன்றில், விடுதிக்கார அக்கா ஒருவரின் வீட்டில் எனக்கும் சேத்துத் துரைக்கும் ஒரே அறை வாய்த்தது. அறையில் கட்டில் இரண்டு. ஒன்றில் நான் உறங்கினேன். மற்றதில் சேறு நிரப்பிய ஜாம் போத்தல்கள் வரிசையாக உறங்கின, கழுத்துவரை போர்வை போர்த்தியபடி. துரை நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

"கட்டிலுக்கு வாடகை குடுக்கிறது நீங்கள், படுக்கிறது சேறோ?" என்று கேட்டேன்.

"சேறில்லை. சேத்துக்குள்ள அவையள் இருக்கினம். சிமெந்து நிலம் குளிர். அவையளுக்குச் சரிவராது."

அவையள் என்றால் மண்ணில் வாழும் பற்றீரியாக்கள். இந்த மனிதரிடம் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. கந்தோரின் பெரியவரானாலும், கோவில் தர்மகர்த்தாவானாலும், மனிதர் எல்லோரும் அவருக்கு "நீ". பற்றீரியாக்கள் மட்டும் "அவையள்", "இருக்கினம்", "வருவினம்". அவற்றைக் "கிருமி" என்று யாராவது சொல்லிவிட்டால், தம் குடும்பத்தைப் பழித்தது போல முகம் சிவப்பார்.

ஒருநாள் குசினியிலிருந்து விடுதிக்கார அக்காவின் அலறல் எழுந்தது.

"ஐயோ! நான் சோறு வடிக்கிற பானைக்குள்ள ஆர் சேறு காய்ச்சினது?"

"நான்தான்," என்றார் துரை அமைதியாக. "அவையள் இல்லாத சேறு எப்பிடி நடக்குதெண்டு பாக்கவேணும். அதுக்குக் கொதிக்க வைக்கவேணும். நீ பயப்படாதை, நல்லாக் கொதிச்ச சேறு. உன்ரை சோத்தைவிடச் சுத்தம்."

அன்றிலிருந்து ஒரு மாதம் அவருக்கு அந்த வீட்டில் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் சொதி கிடைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

அவருடைய சித்தாந்தத்தை எனக்கு உபதேசித்த இடம் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடை. நான் கேட்கவில்லை, கேட்காதது அவருக்கு என்றுமே தடையாக இருந்ததில்லை.

"மூக்கைப் பொத்து," என்றார். பொத்தினேன். "வாயையும் மூடு." ஒரு பேச்சாளனிடம் நாகரிகமுள்ள எவரும் விடுக்காத வேண்டுகோள் அது, ஆயினும் மூடினேன். "இப்பிடியே இருந்தா என்ன நடக்கும்?"

கையை எடுத்துவிட்டு, "செத்துப்போவன்," என்றேன்.

"நீ சாவாய். அவையள் சாகமாட்டினம். வயலில தண்ணி நிண்டா சேத்துக்குள்ள காத்துப் போகாது. ஒட்சிசன் இல்லை. அவையள் என்ன செய்வினம்? உரத்தில இருந்து வந்த நைத்திரேற்றிட்ட ஒட்சிசன் இருக்கெல்லோ, அதைக் கழட்டி எடுத்து மூச்சு விடுவினம். ஒண்டைக் கழட்டினா நைத்திரைற்று. அதில இன்னொண்டைக் கழட்டினா நைத்திரிக் ஒட்சைட்டு. அந்தப் படியிலதான் விளையாட்டே இருக்கு! அதுமட்டும் தண்ணியில கரைஞ்சு கிடந்த சாமான், அந்தப் படியில காத்தாப் போயிடும். பிறகு வேருக்கு என்ன அலுவல்? இன்னும் கழட்டிக் கழட்டிக் கடைசியில வெறும் நைதரசன். இப்ப நீ இழுக்கிற மூச்சில முக்கால்வாசி அதுதான்."

"அப்ப வயலுக்குப் போட்ட உரம்?"

"வானத்துக்குப் போட்டதாப் போச்சு. யூரியாவைப் போட்டிட்டு வயலைக் காயவிட்டா அது நைத்திரேற்றாகும். பிறகு வெள்ளம் கட்டினா, அவையளுக்குப் பந்தி விரிச்ச மாதிரி."

பக்கத்து மேசைக்காரர் தம் வடையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். நானும் அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக்குகிறது என்பதை நம்ப, அரசியல் மேடையில் அமர்ந்து எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் கைதட்டப் பழக்கமில்லை.

இந்த நிலையில்தான், அண்ணன் என்ற பொருளில் ஊரார் காக்கா என்றழைத்த ஹனிபா காக்கா வந்து சேர்ந்தார். கிண்ணியாவில் சொந்தமாகச் சிறிது வயல் வைத்திருந்தவர். மண் பரிசோதனைக்கு ஒருமுறை துரை அவருடைய வரம்பில் இறங்கிய நாள் முதல், ஊரில் துரையை நம்பிய ஒரே ஜீவன். கையில் தயிர்ச் சட்டி. முகத்தில் மட்டும் புளிப்பு.

"துர, என்னைய கள்ளன் எண்டு சொல்றானுகள்," என்றார்.

உரத்துக்குப் பெருந்தட்டுப்பாடு. ஊர்ச் சங்கம் ஆளுக்கு அளந்துதான் யூரியா கொடுத்தது. எல்லோருடைய வெள்ளாமையும் பச்சைப்பசேல் என்று நிற்க, ஹனிபா காக்காவின் வயல் மட்டும் மஞ்சள் காமாலை கண்டதுபோல நின்றது. சங்கத் தலைவர் முடிவுகட்டிவிட்டார்: உரத்தை வயலுக்குப் போடவில்லை, கள்ளச் சந்தையில் விற்றுவிட்டார். விசாரணை வரப்போகிறது. குற்றம் உறுதியானால் அடுத்த பெரும்போக விதைப்புக்கு ஒரு பிடி உரமும் இல்லை.

"உரம் போனாப் போகட்டும் துர. பள்ளியில தொழ நிண்டா, பக்கத்துல ஆளு இடைவெளி விட்டுத்தான் நிக்கிறான். தோளோட தோள் முட்ட நிக்கோணும். முட்டுறானுகளில்ல."

துரையோ, வேறு உலகத்தில் இருந்தார்.

"யூரியா போட்ட பிறகு தண்ணி கட்டினனியோ?"

"தண்ணி முற வரல்ல துர. நிலம் வெடிக்கிற அளவுக்குக் காஞ்சி போச்சி. பொறகு ஒரேயடியா வந்திச்சி. வரம்பு முட்டக் கட்டினன்."

துரை துள்ளி எழுந்தார். "அருமை! அருமை! உரத்தை இதைவிட அழகா நாசமாக்க ஒருதராலயும் ஏலாது! புத்தகத்தில படம் போட்டு வைக்கலாம்!"

அநாதையாகிவிட்ட ஒருவனிடம், சவப்பெட்டியின் வேலைப்பாட்டைப் புகழ்ந்தால் அவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது ஹனிபா காக்காவின் முகம்.

"தண்ணி முறை ஏன் வரேல்லை?" என்று நான் கேட்டேன்.

"அது... அத விடுங்க தம்பி," என்று அவர் தயிர்ச் சட்டியைத் திருப்பி வைத்தார்.

விசாரணையில் ஹனிபா காக்காவின் பக்கம் பேச நானே முன்வந்தேன். ஏழை ஒருவனின் மானம், எதிரே அதிகாரம், கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி! இப்படியொரு தலைப்பு கிடைக்காமல் முதிர்ந்து மடிந்த பேச்சாளர் எத்தனையோ பேர். துரை செயல்விளக்கத்துக்குப் போத்தல்களுடன் வருவதாக ஏற்பாடு. கிண்ணியாத் துறையில், பாதை என்று அழைக்கப்படும் தட்டைப் படகில் நாங்கள் கடந்தபோது, சனமும் சைக்கிளும் ஆட்டுக்குட்டிகளும் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன. போத்தல்களின் நாற்றத்துக்கு மறுபக்கம் முழுவதும் கிடைத்தது.

சங்கத்தின் களஞ்சிய மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் மேசைக்குப் பின்னால் வீற்றிருந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகன்ற பச்சைப் பட்டி, பட்டியில் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வை. அவருக்குப் பின்னால், அவரைப் போலவே அசையாமல் ஓர் இரும்பு அலுமாரி.

நான் எழுந்தேன். "அவைத்தலைவர் அவர்களே! ஆன்றோர்களே! களவு நடந்தது உண்மை. ஆனால் கள்ளன் இவரல்லர். பூட்டை உடைக்காத கள்ளன்! கன்னம் வைக்காத கள்ளன்! காலடி பதியாத கள்ளன்! கஞ்சிக்கு வழியில்லாதவன் வயலில் இறங்கி, காற்றோடு காற்றாய்க் கலந்துபோகும் கள்ளன்!"

மண்டபம் அசைந்தது. இந்த இடத்தில் துரை, கண்ணாடிக் குவளையில் இருந்த நைத்திரைற்றுக் கரைசலில் அசிட்டை விட்டார். குவளைக்குள் நிறமில்லாமல் நுரைத்த வாயு, வாயை அடைந்ததும் செம்மண் நிறப் புகையாகிக் கிளம்பியது. முன்வரிசை பின்வரிசையாகியது.

"இதோ!" என்று முழங்கினேன். "இதோ அந்தக் கள்ளர்களின் மூச்சு!"

கைதட்டல் கூரையை எட்டியது. ஹனிபா காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளின் தலைசிறந்த உரை, அதன் உச்சியில் நின்றது.

"பிழை," என்றது ஒரு குரல்.

துரைதான்.

"இந்தப் பொடியன் சொல்லுறது பிழை. நைத்திரிக் ஒட்சைட்டு எப்பிடி இருக்குமெண்டு காட்டத்தான் நான் இதைச் செய்தனான். இது அசிட் விட்டு நான் கிளப்பினது. அவையள் அசிட் விடமாட்டினம். ஆறுதலா, துளித்துளியா விடுவினம், விட்டதும் உடனே அடுத்த படிக்குக் கொண்டுபோயிடுவினம், கண்ணுக்கே தெரியாது. இப்பிடிப் பகட்டுக் காட்ட அவையளுக்குத் தெரியாது. அது மேடையில ஏறுறவைக்குத்தான் தெரியும்."

தலைவரின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

"அப்ப, பேச வந்த ஆளே பிழை எண்டு கூட வந்த ஆளே ஒத்துக்கிட்டார். கிருமி திண்டிச்சாம்! இத விட்டா, நாளைக்கி என்ட நெல்லு மூடைய எடுத்தவனும் கிருமி தூக்கிட்டுப் போச்சி எண்டுதான் சொல்லுவான்."

சிரிப்பு வெடித்தது. ஹனிபா காக்கா தலை குனிந்தார். அந்தத் தலை நிமிர இனி வழியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரைத் தவிர.

"நீ சிரிச்சு முடிச்சிட்டியோ?" என்றார் துரை தலைவரைப் பார்த்து. ஊரில் அவரை "நீ" என்றவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டிருந்தார்கள். "முடிச்சிட்டா ஆளனுப்பி உன்ரை வயல்ச் சேறு ஒரு வாளி எடுப்பி. ஹனிபாவின்ரை வேண்டாம். உன்ரை."

சேறு வந்தது. பாதிச் சேற்றை எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடை அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினார். கடைக்கு வந்தவர்கள், "என்ன காக்கா, புதுச் சூப்பா?" என்று எட்டிப் பார்த்தார்கள். ஆறிய பின் அதை ஒரு போத்தலிலும், காய்ச்சாத சேற்றை இன்னொரு போத்தலிலும் இட்டார். இரண்டிலும் ஒரே அளவு நைத்திரைற்றுக் கரைசலைக் காற்றுப் புகாமல் வாய்முட்ட நிரப்பினார். இரண்டிலிருந்தும் சில துளி நீரை எடுத்து, தம் சோதனை மருந்தை விட்டுக் காட்டினார். இரண்டும் செம்பரத்தம்பூ நிறமாகின.

"இந்த நிறம் இருந்தா நைத்திரைற்று இருக்கு. நிறம் போனா அது போச்சு. விளங்குதோ? இப்ப இரண்டையும் மூடி, உன்ரை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டு. திறப்பை நீயே வைச்சிரு. வாற வெள்ளிக்கிழமை ஜும்மா முடியத் திறப்பம்."

தலைவர் மகிழ்ச்சியோடு பூட்டினார். பூட்டை இழுத்தும் பார்த்தார்.

அந்த வாரம் முழுவதும் நான் துரையுடன் பேசவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை. சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். ஒரு மாலை தாமாகவே கேட்டார்: "வழக்கமா நைத்திரைற்றுப் போயிடும். ஆனா புது இடம், இரும்பு அலுமாரி. அவையள் பயந்திட்டினமெண்டா ஹனிபாவின்ரை கதை என்ன?" அப்போதுதான் அந்த மனிதருக்கு ஹனிபா என்றொருவர் இருப்பது தெரிந்திருக்கிறது என்பதை அறிந்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஊரே களஞ்சியத்துக்கு வந்துவிட்டது. தலைவர் திறப்பைத் தூக்கிக் காட்டிவிட்டு அலுமாரியைத் திறந்தார். காய்ச்சிய சேற்றுப் போத்தலின் நீர்: மருந்து விட்டதும் செம்பரத்தம்பூ. "பாத்தியளா!" என்றார் தலைவர். "அப்படியே இரிக்கி!"

"மற்றது," என்றார் துரை.

காய்ச்சாத சேற்றில் சிறு சிறு குமிழிகள் ஒட்டியிருந்தன. நீரை எடுத்தார். மருந்தை விட்டார். மண்டபம் மூச்சைப் பிடித்தது. நிறம் வரவில்லை. தலைவர் குவளையைப் பிடுங்கி, தாமே நீரெடுத்து, தாமே மருந்து விட்டார். நிறமற்ற வெறும் தண்ணீராகவே கிடந்தது.

"திறப்பு ஆரிட்ட இருந்தது?" என்றார் துரை.

"என்னட்ட."

"வேறை திறப்பு?"

"இல்ல."

"அப்ப நீதான் எடுத்திருக்கவேணும்."

"நான் ஏன் எடுக்க? பூட்டினது பூட்டினபடி இரிக்கி! நான் எடுக்கல்ல எண்டு எத்தின தரம் சொல்ல?"

"அதைத்தான் ஹனிபாவும் எத்தினை தரம் சொல்லுறது எண்டு கேக்கிறான்."

களஞ்சியம் இடிந்து விழுந்திருக்க வேண்டும். அரசாங்கக் கட்டடமல்ல என்பதால் தப்பியது. சிரிப்பு ஓய்ந்தபின் முதியவர் ஒருவர் எழுந்தார். "துர, எங்கிட வயல்லயும் இதுகள் இரிக்கிதானே? எங்கிட பயிரு ஏன் மஞ்சளாகல்ல?"

"உரம் போட்டபிறகு நீங்கள் ஒருதரும் காயவிடேல்லை. ஹனிபாவின்ரை காய்ஞ்சது. பிறகு வெள்ளம் வந்தது."

"அவன் ஏன் காயவிட்டான்?"

ஹனிபா காக்கா தரையைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமியவர், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை. "ஹனிபாட முறத் தண்ணி... தலைவர்ட மேல் வயலுக்குப் போச்சி," என்றார் மெதுவாக.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் அலுமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி, "ஹனிபாட பேர்ல ஒரு குத்தமுமில்ல. அவன்ட உரத்த முதல்ல குடுங்க," என்றார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பள்ளிவாசல் வாசலில் நின்று நான் பார்த்தேன்: முன்வரிசையில் ஹனிபா காக்காவின் தோளோடு தோள் முட்ட நின்றவர் தலைவர்தான்.

வெற்றியுரை ஒன்று என் நாவில் தயாராக இருந்தது. துரையைத்தான் காணவில்லை. தேடிப் போனால், தலைவரின் மேல் வயல் வரம்பில் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு, முழங்கால் சேற்றில், அந்தக் காய்ச்சாத சேற்றுப் போத்தலுடன் நின்றுகொண்டிருந்தார்.

"வெண்டிட்டமெல்லோ, ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"நீ ஊருக்கு முன்னால அவையளைக் கள்ளர் எண்டிட்டாய். இனி இந்த ஊர் மறக்காது. காத்தில இருந்த நைதரசனைத் தொழிற்சாலையில பிடிச்சு மூடையில கட்டினது ஆர்? நாங்கள். அவையள் அதைத் திரும்பக் காத்திட்டைக் குடுக்கினம். குடுக்கிறவையைக் கள்ளர் எண்டு சொல்லுறதோ?"

பூமாலையைத் தவிர வேறெதையும் ஏந்திப் பழகாத என் கைகள், எப்படியோ, அவருடைய சேறு படிந்த சப்பாத்துகளை ஏந்திக்கொண்டிருந்தன. கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் குனிந்து, போத்தலைக் கவிழ்த்து, அந்தச் சேற்றை எடுத்த இடத்திலேயே விட்டார். வரம்பில் போன இருவர் நின்று பார்த்ததைப் பொருட்படுத்தாமல், உரத்த குரலில் சேற்றைப் பார்த்துச் சொன்னார்:

"கோவிக்காதேங்கோ. இந்தப் பொடியன் சொன்னதை நான் திருத்துவன். ஆர் எங்க கூட்டம் வைச்சாலும், கூப்பிடாட்டிலும் போய், உங்களைக் கள்ளர் எண்டு ஒருதரும் சொல்லாத மட்டும் எழும்பி நிண்டு சொல்லிக்கொண்டே இருப்பன்."